நூறு எழுத்துக்காரர்

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் பதிவேடு போட வந்த மனிதரை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக்குள் இல்லை, எதிரே இருந்த கல்யாண மண்டபத்து வாசலில். மணமக்களை வாழ்த்தி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் போர்டின் முன்னால் நின்று, விரலை நீட்டி நீட்டி, அதிலிருந்த தாய்மாமன்மார் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் போலிருக்கிறது, தன் பெயர் விட்டுப்போன வருத்தத்தில் தேடுகிறார் என்று நினைத்தேன். பெண் வீட்டுக்காரர் ஒருவரும் அப்படித்தான் நினைத்து ஓடி வந்து, "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி, அச்சடிக்கையில விட்டுட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் எண்ணிக்கை தப்பிவிட்ட எரிச்சலில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அரை மணி கழித்து அதே ஆள் என் கவுண்டருக்கு வந்து, "முப்பத்தொம்பது" என்றார்.

"டோக்கன் இன்னும் போடல" என்றேன்.

"பேரு. இந்த வட்டாரத்துல இதுவரைக்கும் நான் பாத்ததுல ஆகப் பெரிய பேரு முப்பத்தொம்பது எழுத்து. உங்க பதிவேட்டுல பேருக்கு நாப்பது விடுதேன், போதும்லா?"

அன்றைக்கு அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன ஸ்கேலும் இருக்கும். பாளையங்கோட்டையில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நானோ ஜங்ஷன் பக்கத்து இருபது கட்டில் ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். தட்டச்சில் ஹையர் பாஸ். ஆள் பேசப் பேச அடிப்பேன், விரல் நிற்காது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அது இந்தக் கதைக்கு வேண்டியும் இருக்கிறது.

அளவு. அந்த மனிதரை ஒரே சொல்லில் சொல்வதென்றால் இதுதான். டீக்கடையில் "முக்கா கிளாஸ்" என்பார். கடைக்காரர் பிரியப்பட்டு நிறைத்துக் கொடுத்தால் கால் பங்கைத் திருப்பி ஊற்றச் சொல்வார். கேன்டீனில் மூன்று இட்லி, அதற்கு இத்தனை கரண்டி சாம்பார் என்று கணக்கு. ஒரு கரண்டி கூடினால் நாலாவது இட்லி வாங்குவாரே ஒழிய, சாம்பாரை வீணாக்க மாட்டார். பேச்சும் அப்படியே. நான் ஐந்து நிமிஷம் பேசினால் அவர் பதில் ஐந்து சொல் வரும்.

பதிவேட்டில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம். பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, ரத்த குரூப்புக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று. எழுத்து போடும் கட்டத்தில் மூன்று தினுசு உண்டு என்று எனக்கு அவர்தான் விளக்கினார். முதல் தினுசு, ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் துண்டு போட்டுப் பிடித்து வைத்த பஸ் சீட்டு. மூன்று என்றால் மூன்றுதான். இரண்டாவது, இத்தனை பேர் வரைக்கும் ஏறலாம், ஏறுகிற அளவுக்குத்தான் இடம் போகும். மூன்றாவதுக்கு 'டெக்ஸ்ட்' என்று பெயர். ஏறிக்கொண்டே இருக்கலாம்.

"அப்பம் எல்லாத்துக்கும் மூணாவதையே போட்டுற வேண்டியதுதானே அண்ணாச்சி?"

அவர் முகம் கோணியது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி அக்கம்பக்கம் பார்த்தார்.

"சரி, ரெண்டாவதுலயாவது நூறுக்குப் பதிலா ஆயிரம்னு போட்டா இடம் வீணாவுமா?"

"ஆவாது."

"பெறகு என்ன கஞ்சத்தனம்?"

"கஞ்சத்தனம் இல்ல தங்கச்சி. ஒரு கட்டத்துல எம்புட்டு வரும்னு எனக்குச் சொல்லத் தெரியலன்னா, அதுல என்ன வரும்னே எனக்குத் தெரியலன்னு அர்த்தம்." அவர் என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அவர் எண்ணுவது நம் எண்ணிக்கை இல்லை. மிஷினுக்குக் கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. திருநெல்வேலி நமக்கு ஆறு எழுத்து, அவருக்குப் பன்னிரண்டு. ஆழ்வார்குறிச்சி பதினைந்து. ஊர் பெயருக்கு அளவு வைக்க பஸ் ஸ்டாண்டில் ஒரு முழுப் பகல் நின்று, வந்த பஸ்களின் நெற்றியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒருநாள் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த ஒருவர் பெயரைச் சொன்னதும், இவர் பாய்ந்து போய், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று மூன்று தரம் சொல்ல வைத்தார். முப்பத்தெட்டுதான். முகம் வாடிவிட்டது. அந்த ஆள் ஆஸ்பத்திரியில் இதுவும் ஒரு பரிசோதனை போலிருக்கிறது என்று நாக்கை நீட்டிக் காட்டினார்.

எங்கள் மேனேஜர் டாக்டரின் மச்சினர். ஃபோன் நம்பரை எண்ணாகத்தான் வைக்க வேண்டும் என்று அவர் ஒரு நாள் சட்டம் பேசினார். "அது எழுத்துதான்" என்றார் இவர். "பேரே நம்பருன்னு இருக்கு, எழுத்துங்கிய?" என்று மேனேஜர் எகிற, இவர் நிதானமாக, "உங்க நம்பரையும் டாக்டர் நம்பரையும் கூட்டுனா யாருக்கு மணியடிக்கும்?" என்று கேட்டார். மேனேஜர் நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். முன்னால் வருகிற பூஜ்யத்தை எண் விழுங்கிவிடும், எழுத்து காப்பாற்றும் என்பது விளக்கம். அன்றிலிருந்து மேனேஜருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

நோவுக் கட்டத்துக்கு வருகிறேன். பழைய காகித நோட்டுகளை மூன்று நாள் புரட்டி அதற்கு அளவு எடுத்தார். அதுவரைக்கும் நோவை எழுதியது நான் இல்லை, உள்ளே இருந்த நர்ஸம்மா; 'காய்ச்சல், 3 நாள்' என்று எழுதுகிறவர். ஆக நீளமானதே எண்பத்தெட்டுதான் வந்தது. பன்னிரண்டு சேர்த்து நூறு என்று வைத்தார். அந்தப் பன்னிரண்டைச் சேர்த்ததே தாராளம் என்று நினைத்திருப்பார்.

முதல் வாரம் எனக்கு நரகம். அளவு மீறினால் மிஷின் சிவப்புக் கோடு காட்டி, வாங்க மாட்டேன் என்று நின்றுவிடும். வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது. நான் அவரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "என்ன செய்வியளோ தெரியாது அண்ணாச்சி, இனிமே எனக்குச் சிவப்பு வரப்படாது!" அவர் தயங்கினார். "அது வரட்டும் தங்கச்சி, நல்லதுக்குத்தான்" என்றார். "நல்லதுக்கா? வந்து நீங்க இந்தச் சீட்டுல இருந்து பாருங்க" என்றேன். அவர் உட்கார்ந்து எதையோ மாற்றினார். சிவப்பு போயிற்று. வருகிற அளவுக்கு வாங்கிக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்படி வைத்திருந்தார். வாய் திறந்து சொன்னார்தான். நான் காதில் வாங்கவில்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. ரத்த குரூப்புக் கட்டம் மூன்றெழுத்து, பிடித்து வைத்த சீட்டு. ஒரு பெரியவருக்குக் குரூப் என்னவென்று தெரியாததால் நான் 'தெரியாது' என்று அடித்தேன். டாக்டர் இன்டர்காமில், "தெர பாசிட்டிவா, தெர நெகட்டிவா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. மற்றக் கட்டங்களிலும் இப்படித்தானே வெட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிறகு ஃபோனில் டோக்கன் போடும் ஏற்பாடு வந்தது. சுற்று வட்டார ஊர்களிலிருந்து கூப்பிடுவார்கள். "அவங்க சொல்லுறதை அப்படியே எழுதுங்க. காலையில பார்த்து யாரை முதல்ல வரச்சொல்லணும்னு நான் முடிவு பண்ணுறேன்" என்றார் டாக்டர். அங்கேதான் வினை பிடித்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஃபோனை எடுத்ததும் நோவைச் சொல்லிவிடுவார்களா? அது மரியாதை இல்லையே. டாக்டர் சௌக்கியமா, அவர் அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா, அங்கே மழை உண்டா என்று கேட்டு, தனக்கு இருக்கும் சில்லறைத் தொந்தரவுகளைச் சொல்லி, "சரி தாயி, வச்சிருதேன்" என்று சொன்ன பிறகுதான், "பெறகு ஒண்ணு" என்று வரும். அந்தப் பெறகுக்குப் பிறகு வருவதுதான் ஃபோன் போட்ட காரணம். நான் எல்லாவற்றையும் அடித்தேன். மிஷின் முதல் நூறை வைத்துக்கொண்டது.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். டாக்டரை விசாரித்தார். நாலு நாளாக வாய்வு, ஏப்பம், தூக்கம் சரியில்லை என்றார். வைத்துவிடுகிறேன் என்றார். பிறகு, "பெறகு ஒண்ணு தாயி, மச்சுப்படி ஏறுனா நெஞ்சப் பிடிக்கி, எடது கை மரத்துப் போவுது. பெருசா ஒண்ணும் இருக்காது" என்றார். அடித்தேன். மறுநாள் காலை டாக்டர் திரையில் வாய்வும் ஏப்பமும்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச்சொல்லிக் குறித்தார்.

வாத்தியார் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்தார். வழியில் இறங்கி வாழைத்தார் விலை விசாரித்துவிட்டு, வேர்த்து ஒழுக என் முன்னால் நின்று, "டோக்கன் பதினாலு" என்றார், நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் ஓடி வந்து இ.சி.ஜி. எடுத்து, அப்படியே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டும் டிரைவரின் சொந்த ஊரைக் கேட்டாராம்.

ஆனால் அவர் மகன் சும்மா இருப்பாரா? அன்று ராத்திரியே வந்து, ஹாலில் நாற்பது பேர் இருக்கையில் என்னைக் கைகாட்டி, "எங்கப்பா அம்புட்டையும் ஃபோன்ல சொல்லியிருக்காரு. இந்தப் பொம்பள எழுதல!" என்றார். நான் எழுதினேன் என்றேன். மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'தூக்கம் சரி' என்பதோடு நின்றிருந்தது. "ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு என்ன செய்யுதிய? திங்கக்கிழமை வரவேண்டாம்" என்றார். பதினோரு வருஷத்தில் ஒரு பெயரைக்கூடத் தப்பாக அடிக்காதவள் நான். அன்று அழுதுகொண்டே அந்த அளவுக்கார அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். அழுகையோடு வசவும் சேர்ந்தே போயிற்று.

சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். உட்கார்ந்து ஏதோ ஒரு வரி அடித்தார். நோவுக் கட்டத்தில் யார் யாருக்கு எத்தனை எழுத்து என்று திரையில் இறங்கியது. பன்னிரண்டு, முப்பது, நாற்பத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தது, பிறகு நூறு. நூறு. நூறு. நூறு. அறுபத்து மூன்று பேருக்குச் சரியாக நூறு. ஊரில் அறுபத்து மூன்று பேர் எண்ணி வைத்த மாதிரி நூறு எழுத்தில் பேச மாட்டார்கள் என்பது எனக்கே புரிந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து மறுபடி பையிலேயே வைத்தார்.

"நீ எழுதியிருக்க தங்கச்சி. நான்தான் வெட்டியிருக்கேன்."

மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். ஆனால் கட்டத்தின் தினுசு, எழுத்தின் அளவு, சர்வரின் அமைப்பு என்று அவர் பாஷையில் சொன்னார். மேனேஜருக்கு ஃபோன் நம்பர் கோபமே இன்னும் ஆறவில்லை. டாக்டருக்கு மட்டும் பாதி புரிந்து, "சரி, அவங்க வேலையில இருக்கட்டும்" என்றார். வேலை தப்பியது, பெயர் தப்பவில்லை. கவுண்டருக்கு வருகிறவர்களெல்லாம், "எழுதுனியா? எங்க, காட்டு பாப்போம்" என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசித்து முடித்துவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே நோவுக் கட்டத்தை மூன்றாவது தினுசுக்கு மாற்றினார். சொந்த வயலை விற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மாற்றினார். "தமிழ்ல இருபத்தோராயிரத்துச் சொச்சம் எழுத்து வரும்" என்றார்.

"அப்பம் வெட்டுப்பட்டதெல்லாம் திரும்ப வந்துருமா அண்ணாச்சி?"

"வராது. சட்டையப் பெருசாத் தச்சா வெட்டிப்போட்ட துணி வந்து ஒட்டிக்கிடுமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த மிச்சத்த நீ கேட்டேல்லா. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அறுபத்து மூன்றில் எனக்கு ஞாபகம் இருந்தது இரண்டு. காது கேட்டது, கை அடித்தது, நடுவில் நான் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, எங்கள் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்து அறையில் ஒரு ஃபோனோடு உட்கார்ந்தார். நூறு எழுத்துக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மிச்சத்தைக் கேட்டார். ஒருவருக்கும் மிச்சத்தை மட்டும் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் டாக்டர் சௌக்கியமா என்பதிலிருந்து தொடங்கினார்கள். மூன்று இட்லிக்காரர், ஐந்து சொல் பதில்காரர், ஒவ்வொருவரிடமும் இருபது நிமிஷம், அரை மணி என்று "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருந்தாலும் அந்த "ம்" வெளியே கேட்கும். மேலப்பாளையத்து பாய் ஒருவருக்கு அந்த நோவு என்றோ தீர்ந்துபோய்விட்டது, வேறு புதிதாக ஒன்று வந்திருந்தது. ஒரு அம்மாள் கடைசியில் சொன்னது, போன தடவை எங்கள் ஹாலில் விட்டுவிட்டுப் போன குடையைப் பற்றி. குடை இருந்தது, கொடுத்தனுப்பினோம். ஒருவருக்குச் சர்க்கரை, கால் பெருவிரலில் ஆறாத புண். அவரை அன்றே வரவழைத்து விரலைக் காப்பாற்றினார் டாக்டர். எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கட்டத்தில் ஏற்றினார் அவர். பார்க்கப் பொறுக்காமல் நான் அடித்துத் தருகிறேன் என்றேன். "நான் வெட்டுனது, நானே ஒட்டுதேன்" என்றார்.

கடைசியில் ஒருவர் மட்டும் மிச்சம். நாங்குநேரியில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு அம்மாள். எத்தனை தரம் போட்டாலும் ஃபோன் போகவில்லை. அவர் முதுகுவலி, கண் எரிச்சல் என்று சொன்னதுதான் நூறுக்குள் இருந்தது. விட்டுவிடலாம் என்றார் மேனேஜர். இவர் பஸ் ஏறிப் போய்விட்டார். காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார், சட்டையில் நூல் ஒட்டியிருந்தது.

"ரீசார்ஜ் பண்ணல, அதான்" என்றார். பிறகு நின்றபடியே பதினோரு வரி தட்டினார். கடைசி வரியில், இரண்டு மாதமாகச் சோறு தொண்டையில் நிற்கிறது, கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது என்று இருந்தது. டாக்டர் அதை வாசித்துவிட்டு, மறுநாள் முதல் டோக்கன் போடச் சொன்னார். நல்ல வேளை, ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது. மதுரைக்கு அனுப்பி வைத்தியம் நடந்தது.

அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனி கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, அவரும் போய்விட்டார். எங்களுக்குள் பெரிதாக விடைபெறல் ஒன்றும் இல்லை. "வாரேன் தங்கச்சி" என்றார். நானும் எப்போதும் போல ஏதோ வரிசையைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் "எழுதுனியா, காட்டு" என்று யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருந்தேன். ஊருக்கு மறதி அதிகம், ஒரு வழியாக மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்குநேரி அம்மாள் தேறி, இப்போது மாதம் ஒரு தரம் ஃபோன் போடுகிறார். போன தடவை மாத்திரை விலை, மருமகளின் சமையல், புதுத் தையல் மிஷின் எல்லாம் சொல்லி முடித்து, வைத்துவிடுகிறேன் என்றும் சொல்லி, பிறகு கேட்டார்.

"பெறகு ஒண்ணு. அன்னைக்கு வந்தாருல்லா ஒல்லியா ஒருத்தரு, அவரு சௌக்கியமா? வந்து திண்ணையில உக்காரக்கூட இல்ல, முதல்ல என்ன சொன்னாருன்னா, 'எங்க கவுண்டர்ல இருக்கிற பிள்ள நீங்க சொன்னதுல ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கு. அம்புட்டையும் வெட்டுனது நான். எம்மேலதான் தப்பு, அதுமேல இல்ல'ன்னாரு. எங்க சின்னம்மா மவனுக்கும் உங்க ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் வந்துதாம், அவன்கிட்டயும் இதே சொல்லு. எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னாராம்லா."

அறுபத்து மூன்று தரம். மூடிய கதவுக்குப் பின்னால் "ம்" மட்டும்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. சிவப்பு வரக்கூடாது என்று நாலு பேர் முன்னால் கத்தி, அவரை அப்படி மாற்ற வைத்தவள் நான் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை அந்த மனிதர். என்னிடம்கூட ஒரு தரம் சொல்லிக் காட்டவில்லை.

"அம்மா, அதுல பாதித் தப்பு என்னுது. நான் கத்துனதாலதான் அவரு வெட்டுற மாதிரி மாத்துனாரு. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற ஒலி கேட்டது.

"அப்படியா சங்கதி" என்றார் அம்மாள். "சரி, அதையும் எழுதிக்கோ. இப்பம்தான் அதுல நெறைய எடம் இருக்குல்லா?"

நோவுக் கட்டத்தில், மாத்திரை விலைக்கும் மருமகள் சமையலுக்கும் கீழே, ஒரு எழுத்து விடாமல் அடித்தேன்.